கீழே கண்ணாடி வைத்த கதவு

எந்த வீட்டுக்குப் போனாலும் அக்கா சோபாவின் நுனியில்தான் இருப்பார். கைப்பை மடியில் இருக்கும். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி வாசலையும் சுவரையும் மாறி மாறிப் பார்ப்பார். தேத்தண்ணி வரும்வரைகூடப் பொறுக்க மாட்டார். "குசினி எந்தப் பக்கம்?" என்று எழும்பிவிடுவார். "நீங்க இருங்கோ அக்கா" என்று வீட்டுக்காரி சொல்லி முடிப்பதற்குள் உள்ளே போயிருப்பார். கொஞ்ச நேரத்தில் அங்கேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். ஹோலில் மிஞ்சிய நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பிஸ்கட் கடிப்போம்.

என் வீட்டுக்கு அவர் முதல்முதல் வந்ததும் அப்படித்தான். நான் கலியாணம் முடித்து ஜேர்மனியில் ஹம் நகரத்துக்கு வந்த புதிது. எங்களுக்கு மேல் மாடியில் அவரும் மகனும் இருந்தார்கள். கதவைத் திறந்தால் கையில் மீன்குழம்புச் சட்டியோடு நிற்கிறார். புது ஆட்களைக் கண்டால் எனக்கு வாய் எழும்பாது. அன்றைக்கும் "வாங்கோ" என்று சொல்லாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அதற்குக் காத்திருக்கவில்லை. நேரே குசினிக்குப் போய் அலுமாரிகளைத் திறந்து பார்த்தார்.

"உப்பை ஏன் இவ்வளவு உயரத்தில வைச்சிருக்கிறாய்? இதென்ன, இந்தச் சின்னக் கத்தியாலயே மீன் வெட்டுறனீ?"

"ஓம் அக்கா."

"கையை வெட்டிப்போட்டு நிண்டா மனுசனுக்கு ஆர் சமைக்கிறது? பொறு, நாளைக்கு என்ர பழைய அரிவாளைக் கொண்டுவாறன்."

அன்று நான் பேசியது அந்த ஒரு "ஓம் அக்கா" மட்டும்தான். ஆனால் அவர் போன பிறகு, இந்த ஊரில் எனக்கும் ஒரு ஆள் கிடைத்துவிட்டார் என்று தோன்றியது. அரிவாள் அடுத்த நாளே வந்தது. இன்றும் அதில்தான் மீன் வெட்டுகிறேன்.

அவருடைய சொந்த வீட்டிலும் ஹோல் ஒரு கண்காட்சி. சிவப்பு வெல்வெட் சோபா, கண்ணாடி அலுமாரி, அதற்குள் கழுத்து வளைந்த இரண்டு பீங்கான் அன்னங்கள், ஒருபோதும் வாடாத பிளாஸ்ரிக் ரோசாக்கள். எல்லாவற்றையும் தூசு படாமல் துடைத்து வைப்பார். ஆனால் அங்கே இருக்க மாட்டார். "ஹோல் வாற ஆக்களுக்கு. குசினி எங்களுக்கு" என்பார்.

இரண்டு இடத்திலும் இரண்டு அக்காக்கள் இருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கட்டிடத்தைப் பராமரிக்கிற ஜேர்மன்காரர் எதையாவது பார்க்க வந்தால், ஹோலில் ஒரு அக்கா இருப்பார். சேலைத் தலைப்பை இழுத்து மூடி, கோப்பையைத் தட்டில் வைத்து நீட்டி, "பிற்ற, பிற்ற" என்று டொச் மொழியில், எடுங்கோ என்கிற மாதிரி, மெதுவாகச் சொல்லுவார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. பூனைக்குட்டி மாதிரி ஒரு சிரிப்பு. அந்த மனிதர் படி இறங்கினதும் குசினிக் கதவு மூடப்படும். அங்கே மற்ற அக்கா. இரண்டு கையையும் பின்னால் கட்டி, வயிற்றைத் தள்ளி, மூக்கால் விசில் அடித்துக்கொண்டு அவரைப் போலவே நடந்து காட்டுவார். சுவரில் ஈரம் இருக்கிறதா என்று அவர் மோந்து பார்க்கிற விதத்தைச் செய்து காட்டும்போது எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நோகும். பிறகு அக்கா பலகையைப் போட்டு நிலத்தில் குந்தி, திருவலையில் தேங்காய் துருவத் தொடங்குவார். மேசையும் கதிரையும் பக்கத்திலேயே இருக்கும். அவை சாமான் வைக்க.

அந்தக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தடித்த பலகைக் கதவு. மிளகாய் வறுக்கிற நாட்களில் அதன் கீழ் இடைவெளியில் ஈரத் துவாயைச் சுருட்டி வைப்பார். மணம் ஹோலுக்குப் போகக்கூடாது. மணம் மட்டுமல்ல, அந்தக் குசினிக்குள் சொன்ன எதுவும் வெளியே போனதில்லை.

ஒருமுறை அவர் வீட்டில் மகனின் பிறந்தநாள். ஹோல் நிறையப் பெண்கள். நான் இரண்டாவது தடவையும் கரு தங்காமல் ஆஸ்பத்திரியால் வந்து கொஞ்ச நாள்தான். அது அக்காவுக்கும் என் கணவருக்கும் மட்டும் தெரியும். ஒரு பெண் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன, இன்னும் விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்று என்னைக் கேட்டார். கேட்டவரில் குற்றமில்லை. எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்விதான். நான் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த அன்னங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குசினியிலிருந்து குரல் வந்தது. "இஞ்ச வா, எனக்கு ஒரு கை உதவி வேணும்."

உள்ளே போனேன். அக்கா கதவை மூடினார். சமையல் எல்லாம் முடிந்து பாத்திரங்கள் மூடியிருந்தன. அலுமாரிக்குக் கீழேயிருந்து ஒரு பை வெங்காயத்தை எடுத்து முழுவதையும் தாச்சியில் கொட்டி என் முன்னால் வைத்தார்.

"இதை உரி."

"எல்லாத்தையுமோ அக்கா?"

"ஓம், எல்லாத்தையும். வெங்காயம் உரிக்கிறவள் அழுதா ஒருத்தரும் ஏனெண்டு கேக்காயினம்."

பிறகு தண்ணீர்க் குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே கழுவி வைத்த கோப்பைகளைத் திரும்பவும் கழுவினார். நான் அழுது முடியும்வரை கழுவினார். அடுத்த நாள் எங்கள் இரண்டு வீட்டிலும் வெங்காயக் குழம்புதான்.

நான் மட்டுமல்ல. எத்தனையோ பேர் அந்தக் கதவுக்குப் பின்னால் வெங்காயம் உரித்திருக்கிறார்கள். அவர்கள் பெயரை அக்கா எனக்குச் சொன்னதில்லை. அவர் வீட்டில் அடிக்கடி வெங்காயக் குழம்பு என்பதால் எனக்குத் தெரியும்.

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடந்து கார்களில் எல்லாம் கொடி பறந்த கோடையில், அக்காவின் மகன் வீடு கட்டத் தொடங்கினார். தம்பி என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன். மின்சார வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து நல்ல வேலையில் இருந்தார். கலியாணமாகி ஒரு பெண்குழந்தையும் இருந்தது. ஊரின் ஓரத்தில் காணி வாங்கி, அம்மாவுக்குப் படி ஏறாமல் கீழேயே ஒரு அறையும் வைத்துப் படம் கீறுவித்திருந்தார். ஒரு பின்னேரம் அந்தப் படத்தைக் கொண்டுவந்து குசினி மேசையில் விரித்தார். நானும் இருந்தேன்.

அக்கா விரலால் ஒவ்வொரு கோடாகத் தடவிக்கொண்டு வந்து ஒரு இடத்தில் நின்றார்.

"குசினிக் கதவு எங்க தம்பி?"

"கதவு இல்லை அம்மா. ஹோலும் குசினியும் ஒண்டுதான். இப்ப எல்லாரும் இப்பிடித்தான் கட்டுறாங்கள். நீங்க சமைச்சுக்கொண்டே எங்களோட கதைக்கலாம்."

"நான் சமைக்கேக்க உங்களோட கதைக்கிறதில்லையே."

"அதுக்குத்தானே அம்மா சொல்லுறன்!"

"மிளகாய் வறுத்தா வீடு முழுக்க மணக்கும்."

"பெரிய மிஷின் போடுறன். எல்லாத்தையும் இழுத்துப்போடும்."

"மணத்தை மிஷின் இழுக்கும். கதையை எது இழுக்கும்?"

தம்பி என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"கதவில்லாத குசினிக்கு நான் வரமாட்டன்" என்றார் அக்கா. "நீங்கள் போங்கோ. நான் இஞ்சயே இருக்கிறன்."

"உங்களுக்காகத்தான் அம்மா இந்த வீடே. நீங்க வராட்டி எனக்கு என்னத்துக்கு?" தம்பியின் குரல் மாறிவிட்டது. படத்தைச் சுருட்டினார். "திங்கட்கிழமை ஆர்க்கிடெக்டைச் சந்திக்கத் தெர்மின். அண்டைக்குக் கடைசி முடிவு சொல்லவேணும். ஆனா கதவு மட்டும் கேக்காதேங்கோ. எனக்கு அந்தக் கதவைக் கண்ணில காட்டேலாது."

ஏன் அதில் அவ்வளவு வெறுப்பு என்று அவர் சொல்லவில்லை. படியில் அவர் இறங்கிப்போகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை எங்கள் தமிழ் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு சுற்றுலா ஒழுங்கு செய்திருந்தார்கள். பஸ்ஸில் பான் நகரத்துக்குப் போய் ரைன் நதியில் படகில் போவதாகத் திட்டம். மருமகள் குழந்தையோடு வீட்டில் நின்றுவிட்டார். அக்காவும் நானும் ஒரு இருக்கையில். தம்பி நாலு வரிசை முன்னால். தாயும் மகனும் கதைக்கவில்லை. சாப்பாட்டுப் பார்சலை மட்டும் அக்கா என் கையில் தந்து, "உவனிட்டக் குடு" என்றார்.

பான் வந்ததும் இடியும் மழையும். படகு ஓடாது என்றுவிட்டார்கள். குழந்தைகள் சிணுங்கின. பஸ் சாரதி நல்ல மனிதர். குன்றின் மேல் ஒரு யப்பான் வீடு இருக்கிறது, பார்க்கலாம், மழையும் படாது என்றார்.

றோட்டிலிருந்து பார்த்தால் அது யப்பான் வீடு மாதிரியே இல்லை. ரைன் கரையில் இருக்கிற மற்றப் பெரிய வீடுகளைப் போலக் கல்லால் கட்டி, மூலையில் ஒரு கூம்புக் கோபுரம். கதவடியில் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு ஜேர்மன் அம்மா நின்றார். அவர்தான் சுற்றிக்காட்டுபவர். ஒரு பெட்டியிலிருந்து பெரிய கம்பளிச் செருப்புகளை எடுத்துத் தந்து, தரை கெடாமல் சப்பாத்துக்கு மேலேயே போடச் சொன்னார்.

அக்கா என் காதில் சொன்னார். "சப்பாத்தைக் கழட்டு எண்டால் விளங்குது. சப்பாத்துக்கு மேல சப்பாத்தோ?"

முன்பக்க அறைகள் பெரிய மனிதர் வீட்டு அறைகள். உயர்ந்த முகடு, பியானோ, கணப்பு அடுப்பு, வெல்வெட் கதிரைகள். சுவர்க் கடதாசியில் மட்டும் பொன்நிறக் கொக்குகள் பறந்தன. அந்த அம்மா சொல்ல, தம்பி எங்கள் எல்லோருக்கும் தமிழில் சொன்னார். யப்பானில் பல காலம் பட்டு வியாபாரம் செய்த ஒரு ஜேர்மன்காரர், அங்கே கலியாணம் முடித்து, மனைவியோடு திரும்பி வந்து கட்டின வீடாம். அந்தக் காலத்தில் யப்பானிலும் பணக்காரர் இப்படிக் கட்டினார்களாம். முன்பாதி ஐரோப்பிய மாதிரி, விருந்தாளிகளுக்கு. பின்பாதி தங்கள் மாதிரி, தாங்கள் இருக்க.

அக்கா அதுவரை கையைக் கட்டிக்கொண்டு, ஹோல் அக்காவாக, மெல்லிய சிரிப்போடு நடந்தவர். இதைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

ஒரு நீள நடைபாதை. முடிவில் ஒரு படி. அதற்கப்பால் முகடு தாழ்ந்து, கல் போய் மரம் வந்தது. தரை முழுவதும் பாய். இங்கே எல்லாச் சப்பாத்தையும் கழற்ற வேண்டும் என்று அந்த அம்மா தயங்கித் தயங்கித் தொடங்கினார். சொல்லி முடியவில்லை, எங்கள் சனம் முழுவதும் சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரமாக வைத்துவிட்டு நின்றது. தன் வேலையில் இவ்வளவு கெதியில் ஒருவரும் கழற்றியதில்லை என்று அவர் சிரித்தார். குழந்தைகள் பாயில் உருண்டார்கள். வயது போனவர்கள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி இருந்தார்கள். மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் ஏறினதிலிருந்து முதல்தடவையாக எல்லோரும் தங்கள் பாட்டில் கதைக்கத் தொடங்கினார்கள்.

அக்கா இருக்கவில்லை. தம்பியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"குசினி எங்க எண்டு கேள்."

"அம்மா, அது காட்டமாட்டினம்."

"நீ கேள்."

அது இன்னும் திருத்தி முடியவில்லை, பார்வைக்கு இல்லை என்றார் அந்த அம்மா. அக்கா அவர் முகத்தைப் பார்த்து, தனக்குத் தெரிந்த டொச்சில், தயவுசெய்து என்கிற மாதிரி, "பிற்ற" என்றார். அது ஹோலில் சொல்கிற "பிற்ற" இல்லை. அந்த அம்மாவுக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். மற்றவர்களை அங்கேயே விட்டு எங்கள் மூன்று பேரையும் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

மரச்சட்டத்தில் வெள்ளைக் கடதாசி ஒட்டின கதவு. தள்ளினால் சுவருக்குள் போய்விட்டது, சத்தமே இல்லை. உள்ளே அரைவாசி மண்தரை, அதில் மண் அடுப்பு. மற்ற அரைவாசி உயர்த்தின பலகைத் தரை. அங்கே குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. அக்கா குனிந்து கயிற்றுக்குக் கீழால் போய், அந்தப் பலகையில் குந்தி இருந்துவிட்டார். தம்பி "அம்மா!" என்றார். ஜேர்மன் அம்மா கையை உயர்த்தினவர், அக்கா இருந்த விதத்தைப் பார்த்து, கையைக் கீழே விட்டுவிட்டார்.

"மீன் வெட்டச் சரியான உயரம்" என்றார் அக்கா. "இந்த வீட்டு மனுசி எப்பிடிப்பட்டவ எண்டு கேள்."

தம்பி கேட்டுச் சொன்னார். முன்பக்கத்தில் இறுக்கின சட்டையோடு கதிரையில் இருப்பாவாம், வாய் திறக்க மாட்டாவாம். விருந்தாளிகள் போனதும் இங்கே வந்துவிடுவாவாம். பிறகு அவவின் சிரிப்புத் தோட்டம்வரை கேட்குமாம்.

"எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. "எங்கட ஆள்."

புருசன்காரர்கூட இந்தக் கதவைச் சும்மா திறக்க மாட்டாராம். வெளியே நின்று செருமிவிட்டு, அவ "ம்" என்ற பிறகுதான் வருவாராம். இதைச் சொல்லும்போது தம்பியின் குரல் தாழ்ந்தது. அக்கா வெற்றி பெற்றவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"பாத்தியே? வீட்டுக்காரரே செருமித்தான் வந்தவராம்." பிறகு, "அப்ப பிள்ளையள்?" என்றார். "பிள்ளையளும் செருமினவையோ?"

ஜேர்மன் அம்மா சிரித்துக்கொண்டு கதவின் கீழ்ப்பக்கத்தைக் காட்டினார். முழங்கால் உயரத்தில் கடதாசியில் சின்னச் சின்னப் பூக்கள் ஒட்டியிருந்தன. பிள்ளைகள் விரலால் குத்தி ஓட்டை போட்டு, தாய் உள்ளே என்ன செய்கிறா என்று பார்ப்பார்களாம். அவ ஏச மாட்டாவாம். ஓட்டைக்கு மேல் பூ மாதிரிக் கடதாசி வெட்டி ஒட்டுவாவாம். அவர்கள் திரும்பவும் குத்துவார்களாம்.

தம்பி இதைச் சொல்லி முடித்துவிட்டு அந்தப் பூக்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவும் பார்த்தார். அவருடைய முகத்தில் இருந்த வெற்றி மெல்ல மெல்ல இறங்கியது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அக்காவின் கணவர் தம்பிக்கு எட்டு வயதாக இருக்கும்போது மாரடைப்பால் இறந்தவர். நான் வருவதற்கு முன்பு. அதைப்பற்றி அந்தக் குசினிக்குள்கூட அக்கா கதைத்ததில்லை.

"எங்கட கதவு பலகை" என்றார் அக்கா, யாருக்கும் இல்லாமல். பிறகு மகனிடம், "நீ தட்டியிருக்கலாம்தானே தம்பி."

"அப்பா செத்த அந்த நாளுகளில தட்டினனான் அம்மா."

"எனக்குக் கேக்கேல்லையே."

"நீங்க தண்ணிக் குழாயைத் திறந்து விட்டிருந்தனீங்கள்."

ஜேர்மன் அம்மாவுக்கு மொழி விளங்காவிட்டாலும் ஏதோ விளங்கி, ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அடுப்பைப் பார்த்தேன். தம்பி கயிற்றடிக்குப் போய், குனிந்து, அம்மாவைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அவர் எழும்பின பிறகும் கையை விடவில்லை.

திரும்பி வரும்போது நான் நாலு வரிசை முன்னால் போய் இருந்துகொண்டேன். அக்காவுக்குப் பக்கத்தில் தம்பி இருந்தார். பாதி வழியில் அக்காவின் குரல் எனக்குக் கேட்டது.

"இழுக்கிற கதவாய் வை. உனக்கு வேண்டிய நேரம் திறந்து கிடக்கட்டும். எனக்கு வேண்டிய நேரம் மூடுறன்."

"ஓம் அம்மா."

"கீழ ஒரு கண்ணாடி வை. சின்னதாய்."

"கீழயோ? ஆர் அம்மா கீழால பாக்கிறது?"

"குனிஞ்சு பாக்கிற ஆக்கள் பாக்கட்டும்."

திங்கட்கிழமை ஆர்க்கிடெக்ட் இரண்டு தரம் கேட்டாராம், கண்ணாடி கீழேயா மேலேயா என்று. அப்படி ஒரு கதவை அவர் முன்பு கீறியதில்லையாம். புதுவீட்டுக் குடிபூரலுக்கு வந்த சனமும் அதைத்தான் விசாரித்தது. பூனை பார்க்கவோ என்று ஒருவர் பகிடி விட்டார். அக்கா ஹோலில் நின்று எல்லோருக்கும் "இருங்கோ, இருங்கோ" என்று மெல்லமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வந்து சோபாவின் நுனியில் இருந்ததைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவை இழுத்தார். பலகையைப் போட்டுக் குந்தினார். அப்போதுதான் விளங்கியது. அந்தக் கண்ணாடி நிலத்தில் இருக்கிற அக்காவின் முகத்துக்கு நேராக இருந்தது. வெளியே பேத்தி தத்தித் தத்தி வந்து கண்ணாடியில் மூக்கை அழுத்தினாள். அக்கா உள்ளிருந்து தன் மூக்கை அழுத்தினார்.

தம்பி ஒரு நாளும் அந்தக் கதவைச் செருமாமல் திறந்ததில்லை. தொண்டை கிழிகிற மாதிரி, வேண்டுமென்றே பெரிதாகச் செருமுவார். "உவருக்கு மருந்து வாங்கிக் குடுங்கோ" என்று அக்கா உள்ளேயிருந்து கத்துவார்.

மூன்று வருடங்கள் அப்படி இருந்தார்கள். பிறகு ஒரு மாரிகாலத்தில், நீண்ட நோய் என்று எதுவும் இல்லாமல், அக்கா போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று அந்த ஹோலில் நிற்க இடமில்லை. அக்காவைப் பற்றி ஆளுக்கு ஆள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். சமையல் எல்லாம் கோயில் மடத்திலிருந்து வந்துவிட்டது. நான் வழக்கம்போல் சோபாவின் நுனியில் இருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் ஏதோ கேட்டார். எழும்பி நடந்தேன். கால் தன்பாட்டில் குசினிப் பக்கம்தான் போனது.

கதவு மூடியிருந்தது. உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம்.

நான் குனிந்து கண்ணாடியால் பார்த்தேன். அக்காவின் பலகையில் தம்பி குந்தி இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். முன்னால் அந்தப் பழைய தாச்சி, நிறைய வெங்காயம்.

நிமிர்ந்து, செருமினேன். எனக்குப் பழக்கமில்லாததால் சத்தம் சரியாக வரவில்லை. திரும்பவும் செருமினேன்.

தண்ணீர் நின்றது. கதவு சத்தமில்லாமல் சுவருக்குள் போனது.

"வாங்கோ அன்ரி" என்றார் தம்பி. கண் இரண்டும் சிவந்திருந்தன. "இன்னும் அரைவாசி கிடக்கு."

நான் உள்ளே போய், கதவை இழுத்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.